ரேக்கில் அடுக்கிய ரூபாய்

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் ரயில் பாதையில், சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது பொம்மிடி. 1860களின் தொடக்கத்தில் சென்னையையும் மேற்குக் கரையையும் இணைக்க மெட்ராஸ் ரயில்வே போட்ட தடம் இது. இன்றைக்கு அந்த ஊரிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ அவசரமாகப் போக வேண்டியவர், ரயிலைப் பிடிப்பதற்கு முன்னால் இன்னொன்றைப் பிடித்தாக வேண்டும். காலை பத்து மணிக்கு ஏசி வகுப்புகளுக்கும் பதினொரு மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் தட்கல் என்ற அவசர முன்பதிவு திறக்கிறது. பொம்மிடியில் ஒரு விரல் கைபேசியை அழுத்தும் அதே நொடியில் நாடு முழுக்கப் பல்லாயிரம் விரல்கள் அழுத்துகின்றன. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது நிற்பதற்குள் பெர்த் தீர்ந்துவிடுகிறது.

அந்த வட்டம் சுற்றுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை 2025 ஆகஸ்டில் ரயில்வே அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. முன்பதிவின் மையமான பயணிகள் முன்பதிவு அமைப்பின் அப்போதைய வடிவம் 2010-ல் நிறுவப்பட்டது. இட்டானியம் வகை சர்வர்களில், ஓப்பன் விஎம்எஸ் என்ற இயங்குதளத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. இட்டானியம் என்பது இன்டெல் நிறுவனம் ஒரு காலத்தில் பெரிதாக நம்பிய பிராசசர். 2021 ஜூலையோடு அதை விற்பனைக்கு அனுப்புவதையே இன்டெல் நிறுத்திவிட்டது. புதிய பிராசசர் வராது, உதிரி பாகம் அரிதாகும், அதில் வேலை தெரிந்த பொறியாளரும் குறைந்துகொண்டே போவார். எனவே ரயில்வேயின் கணினிப் பிரிவான கிரிஸ், 182 கோடி ரூபாய் செலவில் வன்பொருள், மென்பொருள், நெட்வொர்க், பாதுகாப்பு எல்லாவற்றையும் மாற்றும் வேலையில் இறங்கியது. அப்போது நிமிடத்துக்குச் சுமார் 25,000 டிக்கெட். இலக்கு ஒரு லட்சத்துக்கு மேல்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் ஒரு கணக்கு வருகிறது. நிமிடத்துக்கு 75,000 டிக்கெட் கூடுதல் திறன். அதற்கு 182 கோடி. வகுத்துப் பார்த்தால், நிமிடத்துக்கு ஒரு டிக்கெட் என்ற கூடுதல் திறனுக்குச் சுமார் 24,000 ரூபாய் ஆகிறது. சர்வர் மட்டுமல்லாமல் மற்ற எல்லாமும் சேர்ந்த தொகை என்பதால் இது தோராயமான கணக்குதான். ஆனாலும் ‘182 கோடியா!’ என்று மலைப்பதைவிட இந்த எண் அதிகம் சொல்கிறது. நாளை இன்னொரு அமைப்போடு ஒப்பிட ஒரு அளவுகோல் கையில் கிடைக்கிறது. சர்வரின் விலை என்று தனியாக ஒன்று கிடையாது. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு ரூபாய் என்பதுதான் விலை.

ரயில்வேக்கு மட்டும் இந்தக் கணக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. கூட்டுறவு சங்கம், பொறியியல் கல்லூரி, மருத்துவமனை, மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலை என்று தருமபுரி, சேலம் மாவட்டங்களில் ஏதோ ஒரு மூலையில் தினமும் யாரோ ஒருவர் சர்வருக்குக் கோட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார். மூன்று கோட்டேஷன், மூன்று விலை. குறைந்ததில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் அடுத்த ஐந்து ஆண்டுகளின் செலவில் பெரும்பகுதி தெரிவதே இல்லை.

முதலில் பெட்டியைப் பார்த்துவிடலாம். ரேக் சர்வர் என்பது மேசைக் கணினியைப் படுக்க வைத்துத் தட்டையாக்கியது போன்ற இரும்புப் பெட்டி. 19 அங்குல அகலமுள்ள சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி மாட்டுவார்கள். இந்த 19 அங்குலம் கணினிக்காக வந்த அளவே அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொலைபேசி நிலையங்களிலும் ரயில்வே சிக்னல் அறைகளிலும் ரிலேக்களை வரிசையாகப் பொருத்த இத்தகைய சட்டங்கள் பயன்பட்டன. ‘ரிலே ரேக்’ என்றே பெயர். ரயிலுக்குச் சிக்னல் கொடுத்த சாதனங்களின் சட்டத்தில்தான் இன்று ரயிலுக்கு டிக்கெட் கொடுக்கும் சாதனமும் உட்கார்ந்திருக்கிறது. உயரத்தை ‘யூ’ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு யூ ஒன்றேமுக்கால் அங்குலம். ஆளுயரத்தைத் தாண்டும் வழக்கமான ரேக் 42 யூ.

இந்த உயரத்திலேயே முதல் செலவு ஒளிந்திருக்கிறது. ஒரு யூ பெட்டிக்குள் நுழையக்கூடிய விசிறி மிகச் சிறியது. அந்தச் சிறிய விசிறி வெப்பத்தை வெளியே தள்ள அசுர வேகத்தில் சுற்ற வேண்டும். இரைச்சலும் கூடும், மின்சாரமும் கூடும். இரண்டு யூ பெட்டியில் பெரிய விசிறி நிதானமாகச் சுற்றியே அதே வேலையைச் செய்யும். இடத்துக்கு வாடகை கொடுக்கும் பெரிய டேட்டா சென்டரில் ஒரு யூ பெட்டி லாபமாக இருக்கலாம். மாடியறையில் பாதி ரேக் காலியாக நிற்கும் கல்லூரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சர்வரை எப்படி ஒப்பிடுவது என்பதற்கு உலகம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் ஒரு கணக்கு உண்டு. கூகுள் பொறியாளர்கள் லூயிஸ் பரோசோ, ஜெஃப் டீன், உர்ஸ் ஹோல்ஸ்லே மூவரும் 2003-ல் ஒரு பொறியியல் இதழில் அதை வெளியிட்டார்கள். 2002 இறுதியின் சந்தை விலையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் ஒரு முழு ரேக்: இரட்டைப் பிராசசர் கொண்ட 88 சாதாரண சர்வர்கள். மொத்தம் 176 ஜியான் பிராசசர், 176 ஜிபி ராம், 7 டெராபைட் வட்டு. விலை 2,78,000 டாலர். இன்னொரு பக்கம் அன்றைய பெரிய நிறுவனங்கள் விரும்பி வாங்கிய ஒரே ஒரு பெரிய சர்வர்: அதே வேகமுள்ள எட்டு பிராசசர், 64 ஜிபி ராம், 8 டெராபைட் வட்டு. விலை 7,58,000 டாலர். ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. பிராசசரோ 22-ல் ஒரு பங்கு.

அப்படியானால் பெரிய சர்வரை வாங்கியவர்கள் விவரம் தெரியாதவர்களா? இல்லை. அந்த விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி நம்பகத்துக்கும், எட்டு பிராசசரும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வசதிக்கும் போனது. வங்கிக் கணக்கு மாதிரி, ஒரே தரவை எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்தும் வேலைக்கு அது தேவைப்பட்டது. கூகுளின் தேடல் வேலை அப்படிப்பட்டதல்ல. ஒரு தேடலைத் துண்டு போட்டுப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்; நடுவில் ஒரு சர்வர் செத்தால் பக்கத்தில் இருப்பது அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். நம்பகத்தைக் காசு கொடுத்து வன்பொருளில் வாங்காமல் மென்பொருளில் எழுதிக்கொண்டார்கள். அதனால் மலிவான பெட்டி அவர்களுக்குச் சரியான பெட்டியாயிற்று. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ‘மலிவு சர்வரே போதும்’ என்று முடிவு கட்டியவர்கள் பலர். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. மென்பொருள் எழுதும் ஆள்பலம் இல்லாத இடத்தில் மலிவுப் பெட்டி நின்றால் வேலையும் நிற்கும்.

இதே எண்ணம் சென்னை தரமணியிலும் அப்போது வேலை செய்துகொண்டிருந்தது. அங்கே உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இயற்பியலாளர்கள் குவார்க் துகள்களைப் பற்றிய கணக்குகளில் மூழ்கியிருந்தார்கள். வெளியை வலைப்பின்னலாகக் கூறு போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் கோடிக்கணக்கான பெருக்கல் கூட்டல் செய்யும் கணக்கு அது. சூப்பர் கம்ப்யூட்டர் இல்லாமல் நடக்காது. என். டி. ஹரி தாஸ் தலைமையில் அவர்கள் தாங்களே ஒன்றைக் கட்டினார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜியான் பிராசசர் இரண்டிரண்டாகக் கொண்ட 144 சர்வர்கள், மேலே லினக்ஸ். இமயத்தின் ஒரு சிகரத்தின் பெயரைச் சூட்டி ‘கப்ரு’ என்று அழைத்தார்கள். 2004 ஜூனில் உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் கப்ரு இடம்பிடித்தது.

கப்ருவின் எண்களில் ஒப்பீட்டுக்கான அடிப்படைப் பாடம் ஒன்று இருக்கிறது. 288 பிராசசர், ஒவ்வொன்றும் ஒரு சுழற்சிக்கு இரண்டு கணக்கு, வினாடிக்கு 240 கோடி சுழற்சி. பெருக்கினால் 1,382 கிகாஃப்ளாப். ஒரு கிகாஃப்ளாப் என்றால் வினாடிக்கு நூறு கோடி கணக்கு. காகிதத்தில் உள்ள உச்ச வேகம் அது. சோதனையில் உண்மையாக அளந்தபோது கிடைத்தது 959. நூற்றுக்குச் சுமார் 69. அன்றைய விலை மலிவான கூட்டுக் கணினிகளில் இது பெருமைப்படத்தக்க விகிதம். காரணம், வெறும் பெட்டிகளை அடுக்கியதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சர்வரையும் அண்டை சர்வர்களோடு முப்பரிமாண வலையாக நேரடியாகப் பிணைக்கும் எஸ்சிஐ என்ற வேகமான இணைப்பைப் போட்டார்கள். வலைப்பின்னல் கணக்கில் ஒவ்வொரு முடிச்சும் அண்டை முடிச்சோடுதான் பேசிக்கொண்டிருக்கும். கணக்கின் வடிவமும் கேபிளின் வடிவமும் ஒத்துப்போயின. தன் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவன் வாங்கும் விதம் இது. கிராபிக்ஸ் சிப்புகளைப் பற்றி மட்டுமே எல்லோரும் பேசும் இன்றைய நாளில், தரமணியில் நடந்த அந்த வேலையைத் தமிழ்நாட்டின் கணினி மாணவர்கள் பாடமாகவே படிக்கலாம்.

விற்பவர் சொல்லும் வேகத்துக்கும் வாங்கியவர் பார்க்கும் வேகத்துக்கும் உள்ள இடைவெளி பழைய சண்டை. 1980களில் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தனக்குச் சாதகமான சோதனையைத் தானே வைத்துத் தானே முதல் பரிசு வாங்கிக்கொண்டது. 1985 ஏப்ரலில் ஜிம் கிரே என்ற ஆய்வாளர், பல நண்பர்களிடம் கருத்துக் கேட்டு, பெயர் போடாமல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு வங்கியின் பற்று வரவுதான் சோதனை. எத்தனை பரிவர்த்தனை முடிந்தது என்பதோடு, அதற்கான முழுச் செலவையும் சொல்லியாக வேண்டும் என்றது அக்கட்டுரை. 1988-ல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து டிபிசி என்ற மன்றத்தை அமைத்தன. அதன் சோதனை முடிவில் இரண்டு எண் வரும்: நிமிடத்துக்கு எத்தனை பரிவர்த்தனை, ஒரு பரிவர்த்தனைத் திறனுக்கு எவ்வளவு விலை. பெட்டியின் விலையோடு மென்பொருளும் சில ஆண்டுப் பராமரிப்பும் அந்த விலையில் சேர்ந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாக இந்த விதி பொதுவெளியில் கிடக்கிறது. நம் அலுவலகங்களின் கொள்முதல் கோப்புகளுக்குள் அது இன்னும் சரியாக நுழையவில்லை என்பது வருத்தம்தான்.

மின்சாரம் இந்தக் கணக்குக்குள் தாமதமாக வந்தது. கூகுளின் 2003 கட்டுரையில் ஒரு ரேக்குக்கு மாதத் தேய்மானம் 7,700 டாலர். மின்சாரமும் குளிரூட்டலும் 1,500 டாலர். அதாவது கரன்ட் பில், தேய்மானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதே பரோசோவும் ஹோல்ஸ்லேயும் 2007-ல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்களை ஆறு மாதம் கவனித்ததில், பெரும்பாலான நேரம் அவை தம் திறனில் 10 முதல் 50 சதவீதம் மட்டுமே வேலை செய்தன. ஆனால் சும்மா இருக்கும் சர்வரும் முழு வேலையில் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை இழுத்தது. சரக்கு ஏற்றாமலேயே என்ஜினை ஓடவிட்டு நிற்கும் லாரியைப் போல.

தட்கலுக்குத் திரும்பிப் பார்த்தால் இது புரியும். காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் சில நிமிடங்கள் வெள்ளமாக வரும் கூட்டத்துக்குத் தகுந்த சர்வர்களை வாங்கியாக வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அவை ஏறக்குறைய சும்மா நிற்கும். மீட்டர் சும்மா நிற்காது. இதை அளக்கவே 2007 இறுதியில் ஸ்பெக் என்ற அமைப்பு ஒரு புதிய சோதனையைக் கொண்டுவந்தது. முழுச் சுமையில் தொடங்கிப் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்து, கடைசியில் வேலையே இல்லாத நிலையிலும் எத்தனை வாட் என்று அளக்கும். ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்பது முடிவு. சர்வர் வாங்குபவர் விற்பனையாளரிடம் ஒரே ஒரு தாளைக் கேட்க வேண்டுமென்றால் இந்தச் சோதனையின் தாளைக் கேட்கலாம். அதிலும் கடைசி வரியை, வேலையற்ற நிலையின் வாட்டை, முதலில் பார்க்கலாம்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பிராசசர்கள் எவ்வளவு மாறின என்பதை மூன்று பெயர்களில் சொல்லிவிடலாம். ‘கோர்’ என்பது ஒரு பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி. 2012-ல் வந்த ஜியான் இ5-2690: 8 கோர், 135 வாட், அறிமுக விலை 2,057 டாலர். 2016-ல் வந்த ஜியான் இ5-2680 வி4: 14 கோர், 120 வாட், 1,745 டாலர். 2022 நவம்பரில் ஏஎம்டி கொண்டுவந்த எபிக் 9654: 96 கோர், 360 வாட், 11,805 டாலர். கோர் ஒன்றுக்கு வகுத்தால் 257, 125, 123 டாலர். பிந்தைய இரண்டுக்கும் இடையே விலை பெரிதாக இறங்கவில்லை. வாட் கணக்கோ 17, எட்டரை, நான்குக்கும் கீழ் என்று சரிந்திருக்கிறது. புதிய கோர் ஒவ்வொன்றும் பழையதைவிட வேகமானதும்கூட. ஆக, புதிய சர்வரின் ஆதாயம் பெருமளவு கரன்ட் பில்லில்தான் வருகிறது. கடைக்காரர் கொடுக்கும் பில்லில் அதைத் தேடினால் கிடைக்காது.

இங்கேதான் பழைய சர்வர் சந்தையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பெங்களூரின் எஸ்பி ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட டெல் பவர்எட்ஜ், எச்பி ப்ரோலையன்ட் சர்வர்கள் துடைத்து, சோதித்து விற்பனைக்கு வருகின்றன. பொம்மிடி மாதிரியான ஊரில் சிறு தொழில் நடத்துபவருக்கு இது பெரிய ஆசை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். பழைய இரட்டைப் பிராசசர் சர்வர் 40,000 ரூபாய், சராசரியாக 300 வாட் இழுக்கிறது. புதிய ஒற்றைப் பிராசசர் சர்வர் 1,30,000 ரூபாய், சராசரி 120 வாட். தேவையான வேலையை இரண்டுமே செய்கின்றன. ஏசிக்கும் யூபிஎஸ் இழப்புக்கும் மேலே பாதி சேர்த்துக்கொள்வோம். யூனிட் எட்டு ரூபாய்.

இரவும் பகலும் ஓடினால் பழையது ஆண்டுக்கு 3,942 யூனிட் தின்னும். ஐந்தாண்டில் 1,57,680 ரூபாய். புதியதற்கு ஐந்தாண்டில் 63,072 ரூபாய். வித்தியாசம் 94,608. வாங்கும்போது மிச்சம் பிடித்த தொண்ணூறாயிரம் மின்வாரியத்துக்குப் போய்விட்டது. உத்தரவாதம் இல்லாத பெட்டியும் கையில் இருக்கிறது.

அதே இரண்டு சர்வரையும் அலுவலக நேரத்துக்கு மட்டும், நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள் ஓட்டினால்? பழையதற்கு ஆண்டுக்கு 10,800 ரூபாய், புதியதற்கு 4,320. ஐந்தாண்டு வித்தியாசம் 32,400 மட்டுமே. இப்போது பழைய சர்வர் ஜெயித்துவிட்டது. பெட்டிகள் மாறவில்லை, விலை மாறவில்லை. மாலையில் யாராவது ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போகிறார்களா என்பதுதான் மாறியது. சர்வர் ஒப்பீட்டைப் பெட்டியிலிருந்து தொடங்காமல் அதைப் பயன்படுத்தும் நாளிலிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு பெரும் செலவு கண்ணுக்கே தெரியாதது: லைசென்ஸ். 2016 பதிப்பிலிருந்து விண்டோஸ் சர்வருக்கு மைக்ரோசாஃப்ட் கோர் கணக்கில் காசு வாங்குகிறது. ஒரு சர்வருக்குக் குறைந்தபட்சம் 16 கோருக்குக் கட்டியாக வேண்டும்; பெட்டியில் எட்டே கோர் இருந்தாலும் சரி. ஆரக்கிளின் எண்டர்பிரைஸ் தரவுத்தளத்துக்குப் பட்டியல் விலை ஒரு பிராசசர் லைசென்ஸ் 47,500 டாலர். சாதாரண இன்டெல், ஏஎம்டி சர்வர்களில் இரண்டு கோர் ஒரு லைசென்ஸ் என்று கணக்கு. 16 கோர் உள்ள சர்வருக்கு எட்டு லைசென்ஸ்: 3,80,000 டாலர். தள்ளுபடி எவ்வளவு கிடைத்தாலும் அந்தச் சர்வரின் விலை இதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஆகவே ஆரக்கிள் ஓட்டும் இடத்தில் குறைந்த எண்ணிக்கையில், விலை அதிகமான, வேகமான கோர்களை வாங்குவதே சிக்கனம். திறந்த மென்பொருள்களான லினக்ஸும் போஸ்ட்கிரெஸும் ஓட்டும் இடத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. கோர்களைத் தாராளமாக அள்ளிக்கொள்ளலாம். அரசுத் துறைகள் திறந்த மென்பொருளின் பக்கம் நகர வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. கட்டுவது மக்களின் பணம்.

‘சர்வரே எதற்கு, கிளவுடில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே’ என்ற கேள்வி இப்போது எல்லாக் கூட்டத்திலும் எழுகிறது. நியாயமான கேள்வி. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அதற்கு வெளிப்படையாகக் கணக்குக் காட்டியது. 2022-ல் அவர்கள் கிளவுடுக்குக் கட்டியது 32 லட்சம் டாலர். 2023-ல் ஆறேழு லட்சம் டாலருக்கு டெல் ரேக் சர்வர்களை வாங்கி வேலைகளைப் படிப்படியாகத் தம் ரேக்குக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டில் கிளவுட் செலவு 13 லட்சம் டாலராக இறங்கிவிட்டதாக அறிவித்தார்கள். சர்வர் வாங்கிய பணம் ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கும் ஜோஹோ நிறுவனமும் பிறர் கிளவுடை நம்பாமல் தன் சர்வர்களையே ஓட்டுகிறது. ஆனால் இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் சுமை நிலையானது. அதைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் இருக்கிறார்கள். தேர்வு முடிவு வெளியாகும் ஒரு நாள் மட்டும் கூட்டம் வந்து மற்ற நாளெல்லாம் வெறிச்சோடும் ஒரு தளத்துக்கு வாடகையே மேல். ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடும் வேலைக்குச் சொந்தச் சர்வர் மேல். நடுவில் இருப்பவர்கள் தங்கள் பன்னிரண்டு மாதச் சுமையை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

நம் நாட்டில் இப்போது சர்வரையே வடிவமைக்கும் முயற்சியும் நடக்கிறது. புனேயில் உள்ள சி-டாக் நிறுவனம் 1991-ல் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரைத் தந்தது. அதே நிறுவனம் ‘ருத்ரா’ என்ற பெயரில் ரேக் சர்வர் ஒன்றை வடிவமைத்திருக்கிறது. அந்தச் சர்வர்களைக் கொண்டு கட்டிய மூன்று பரம் ருத்ரா கணினிகள் 2024 செப்டம்பர் 26 அன்று புனே, டெல்லி, கொல்கத்தா ஆய்வு நிறுவனங்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. மூன்றுக்குமான செலவு 130 கோடி ரூபாய். பிராசசர் இன்னும் வெளிநாட்டினுடையதுதான். என்றாலும் பலகையும் பெட்டியும் இங்கே வடிவமைக்கப்பட்டால், பழுது பார்ப்பதும் உதிரி கிடைப்பதும் இங்கேயே நடக்க வழியுண்டு. இட்டானியத்தில் ரயில்வே மாட்டிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

அரசு டெண்டரில் பெரும்பாலும் ‘எல்1’ தான் ஜெயிக்கிறார்: குறித்த தகுதிகளை நிறைவேற்றியவர்களில் விலை குறைவாகச் சொன்னவர். ஊழலைத் தடுக்க வந்த முறை. அதன் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விலையோடு ஐந்தாண்டு மின்சாரத்தையும், லைசென்ஸையும், பராமரிப்பையும் சேர்த்து எல்1 யார் என்று பார்த்தால் பல நேரம் வேறொருவர் ஜெயிப்பார். இந்த ஒரு திருத்தத்துக்குச் சட்டம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. டெண்டர் ஆவணத்தில் ஒரு பக்கம் கூட்டினால் போதும்.

சிறிய அளவில் வாங்குபவர்களுக்கு வேறு சில விஷயங்கள் பிராசசரைவிட முக்கியம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் பழைய வகை ஹார்ட் டிஸ்க், அங்குமிங்கும் தாவிப் படிக்கும் வேலையில் வினாடிக்கு நூறு முறை படித்தாலே பெரிது. சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை படிக்கும். கணக்கு மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்று புதுச் சர்வருக்கு லட்சம் செலவழித்து, அதற்குள்ளும் ஹார்ட் டிஸ்க்கையே போட்டால் பணம் வீண். ராமிலும் ஒரு நுட்பம் உண்டு. 64 ஜிபியை ஒரே குச்சியாகச் செருகுவதைவிட, நான்கு சேனல் உள்ள பிராசசருக்கு 16 ஜிபி குச்சி நான்காகச் செருகினால் தரவு நான்கு வழியாக ஓடும். மின்வெட்டும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் உள்ள ஊரில் இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரை வாங்கி, ஒன்றை ஒரு யூபிஎஸ்ஸிலும் மற்றொன்றை வேறொரு யூபிஎஸ்ஸிலும் மாட்டுவது நல்லது. இரண்டையும் ஒரே பிளக்பாயின்டில் மாட்டி வைப்பவர்கள் இரண்டாவது பவர் சப்ளைக்குக் கொடுத்த காசை இழக்கிறார்கள்.

ஒப்பிடுவதற்கு டிபிசியோ ஸ்பெக்கோ எல்லோருக்கும் தேவைப்படாது. ஒரு ஜவ்வரிசி ஆலை உரிமையாளர் செய்யக்கூடிய சோதனை மிக எளியது. போன மார்ச் மாதக் கணக்கின் நகலை ஒரு வட்டில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். விற்பவர் காட்டும் இரண்டு சர்வரிலும் அதை ஏற்றி, ஆண்டு இறுதி அறிக்கையை ஓடவிட வேண்டும். கையில் ஒரு கடிகாரமும், பிளக்கில் செருகி வாட்டைக் காட்டும் ஒரு சிறிய மீட்டரும் போதும். எத்தனை நிமிடத்தில் முடிந்தது, அப்போது எத்தனை வாட், முடிந்த பிறகு சும்மா நிற்கையில் எத்தனை வாட் என்று மூன்று எண்ணைக் குறித்துக்கொண்டு, விலையையும் லைசென்ஸையும் அதன் கீழே எழுத வேண்டும். நல்ல விற்பனையாளர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாத கடையை விட்டுவிட்டு, சேலத்திலோ பெங்களூரிலோ அடுத்த கடையைப் பார்க்கலாம்.